பன்னிரண்டாவது நீலம்

பதினோராவது முறையும் திரை நீலமானது. தாணுமூர்த்தி மவுசில் ஒரு சொடுக்குப் போட்டார். கணினி விழுவதற்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் விழித்தது.

"பாத்தியளா டீச்சர், சாக விடுவனா?"

மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர் அவர். டீச்சர் ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தேழு. நாகர்கோவிலில் ஒரு காது மருத்துவமனையின் கணினிகள் அவள் பொறுப்பு. அவளிடம் அவர் தொழில் கற்க வந்து ஆறு மாதம் ஆகிறது.

கடலோர ஊர்களில் நாற்பத்து மூன்று குழந்தைகளுக்குச் செய்த செவிச் சோதனை முடிவுகள் பென்டிரைவில் இருந்தன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் பழைய இயங்குதளத்தில்தான் ஓடும். அதற்காகப் புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை மென்பொருளால் கட்டி வைத்திருந்தாள் ஜெசிந்தா. பென்டிரைவை அதில் இணைத்தால் அந்தப் பழைய கணினி திரை நீலமாகிச் சரிந்து விழுந்தது. ஐந்து மணிக்குள் பட்டியல் சென்னைக்குப் போனால்தான் இந்த ஆண்டு இலவச அறுவை சிகிச்சை. மணி மூன்றரை.

"விழும்போது என்ன சொல்லிச்சு அண்ணாச்சி?"

"என்ன சொல்லும்? நீலமாச்சு. உடனே எழுப்பிட்டேன்."

அவள் பிழைக் குறிப்புகள் சேரும் கோப்புறையைத் திறந்தாள். காலி.

"ஒரு தடவகூட விழலங்குது."

"பொய் சொல்லுது."

"விழுறதுக்கு முந்தின நிலைக்கில்ல கொண்டு போயிட்டிய, குறிப்பும் சேந்து அழிஞ்சிருக்கும். அதுக்கு என்ன தெரியும்? நீங்களாவது எழுதி வச்சியளா?"

அவர் காதைச் சொறிந்தார்.

"பியூஸ மாட்டிட்டு அடுத்த தெருவுக்குப் போற புத்தி இன்னும் போகல. சரி, இணையுங்க."

நீலம். அவர் கை தானாக மவுசுக்குப் போனது. ஜெசிந்தா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மணி ஆகுது."

"ஆகட்டும்."

"கண்ணு முன்னால விழுந்து கெடக்குல்லா."

"கெடக்கட்டும் அண்ணாச்சி."

நீலத்தின் அடியில், பிழைக் குறிப்பு எவ்வளவு சேர்ந்தது என்று காட்டும் ஓர் எண் மெல்ல ஏறியது. பத்து. முப்பது. எழுபதில் வெகுநேரம் நின்றது. நூறானதும் கணினி தானே எழுந்தது.

கோப்புறையில் இப்போது ஒரு கோப்பு இருந்தது. சரிவுக்குக் காரணமான டிரைவரின், பென்டிரைவைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளின், பெயர் அதில் இருந்தது. யூ.எஸ்.பி. மூன்றாம் பதிப்புக்கானது. ஜெசிந்தா பழைய கணினியின் அமைப்பில் அந்த மூன்றை இரண்டாக மாற்றினாள். வேறெதையும் தொடவில்லை.

பென்டிரைவ் திறந்தது.

தாணுமூர்த்தி நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டார்.

"பதினோரு தடவ எழுப்பினவன் நான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே டீச்சர்."

"எழுப்புனிய அண்ணாச்சி. பேச விடலியே."

குழந்தைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறத் தொடங்கின. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடசைத்து, ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.