விடிஞ்சுதா டீச்சர்?

ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, செண்பகவல்லின்னு பேரு. காலை நீட்டிப் படுடா, சொல்றேன். செங்கல் சூளைக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம், அதுல அஞ்சாம் வகுப்பு டீச்சர் அவங்க. பிள்ளைங்க எல்லாம் சூளைக்காரங்க பிள்ளைங்க. வெயில் வந்தா லாரியில வந்து இறங்கும், மழை வந்தா லாரி ஏறிப் போயிடும். ம் கொட்டு, அப்பதான் கதை நகரும்.

ம்.

டீச்சருக்கு வெண்கலத் தொண்டை. "மழை பெய்தது"ன்னு ஒரு வரி படிப்பாங்க. "மழை பெய்தது"ன்னு பிள்ளைங்க ஓடு பறக்கிற மாதிரி கத்தும். அதுல பச்சையம்மான்னு ஒரு பொண்ணு, எல்லார் குரலையும் தாண்டி அவ குரல்தான் கணீர்னு கேட்கும். ரோட்டுல போறவங்க, "அடேயப்பா, என்னமா படிக்குதுங்க!"ன்னு நின்னு கேட்டுட்டுப் போவாங்க. டீச்சருக்குப் பெருமை தாங்கலை.

அப்புறம் ஒரு நாள் காத்து உஸ்ஸுன்னு உள்ளே வந்து, புஸ்தகத்தை எல்லாம் சடசடசடன்னு புரட்டிப் போட்டுடுச்சு. வாய் நின்னுச்சா? நிக்கலையே! பச்சையம்மா விரல் யானைப் படத்து மேல இருக்கு, வாய் மழைப் பாடத்தைச் சொல்லிக்கிட்டே போகுது. மத்ததுங்களும் அப்படியே. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. டீச்சர் ஒவ்வொரு புஸ்தகமா எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணுக்குமே படிக்கத் தெரியலை! அஞ்சாம் வகுப்பு முடிஞ்சா பச்சையம்மா அவ அப்பன் ஆத்தாகூட செங்கல் அறுக்கத்தான் போவா, பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டா. அதுக்குள்ள எப்படியாவது அவளைப் படிக்க வச்சுடணும்னு டீச்சர் துடிச்சாங்க.

முதல்ல தரையில மணலைக் கொட்டி எழுதிக் காட்டினாங்க. "இது என்ன?" "ப!" "இது?" "ட!" "இது?" "ம்!" "மூணையும் சேர்த்துச் சொல்லு பார்ப்போம்." பச்சையம்மா யோசிச்சு யோசிச்சு, "மழை"ன்னா. சிரிக்காதடா, டீச்சர் அன்னிக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கலை.

அப்புறம் ரெண்டாவதா, சின்னச் சின்னதா புதுப் பாட்டு எழுதி ஒட்டினாங்க. ஒரு தடவை படிச்சுக் காட்டினதுதான் தாமதம், சாயங்காலத்துக்குள்ள அத்தனையும் மனப்பாடம்! காது அவ்வளவு கூர்மை. அப்போதான் டீச்சருக்கு உறைச்சுது. நம்ம வாய்தான் இதுங்களுக்குக் கண்ணைக் கட்டி வச்சிருக்குன்னு.

ம்.

மூணாவதா, டவுனுக்குப் போய் ஒரு கதைப் புஸ்தகம் வாங்கிட்டு வந்தாங்க. கொக்கரக்கோன்னு கூவி ஊரை எழுப்புற சேவல் ஒண்ணு, ஒரு நாள் கூவ மறந்துடுச்சு. வானம் காத்துக்கிட்டே இருக்கு. விடியவே இல்லை. கும்மிருட்டு. மாடு கத்துது, குழந்தை அழுவுது. அந்த இடத்துல டீச்சர் படிக்கிறதை டப்புன்னு நிறுத்திட்டாங்க.

"அப்புறம் டீச்சர்?"

"மிச்சம் ஒரே பக்கம்தான். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க."

பிள்ளைங்க கெஞ்சுச்சு, கொஞ்சுச்சு, கோவிச்சுக்கிச்சு. டீச்சர் மசியலை. போகப் போக எல்லாம் மறந்துட்டு விளையாடப் போயிடுச்சு. பச்சையம்மா மட்டும் போகலை. விடியக்காலையில காயுற செங்கல்லைப் புரட்டிப் போட்ட அதே கையோட வந்து உட்கார்ந்துக்குவா. "சே... வ... ல்..." முக்குவா, முனகுவா. திடீர்னு ஒரு நாள், "சேவல்! டீச்சர், சேவல்!"னு குதிச்சா. டீச்சர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம் ஒரு வரி. அப்புறம் இன்னொரு வரி. ஒவ்வொரு நாளும் போகும்போது, "விடிஞ்சுதா டீச்சர், அது மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்பா. "படி, தெரியும்"பாங்க.

அப்போ பாரு, அந்த வருஷம் மழை முன்னாடியே வந்துடுச்சு. சோன்னு கொட்டுது. சூளையில வைக்காத பச்சைக் கல்லெல்லாம் கரைஞ்சு சேறாப் போச்சு. சூளையை மூடிட்டாங்க. காலையில டீச்சர் வர்றாங்க, லாரி கிளம்பி நிக்குது. சட்டி பானை, கோழி, ஆளு எல்லாம் ஏத்தியாச்சு. டீச்சர் உள்ளே ஓடி அந்தப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு, தொபுக் தொபுக்னு சேத்துல ஓடி வர்றாங்க. லாரி நகர்ந்துடுச்சு. பின்னாடி பச்சையம்மா தலை தெரியுது.

"டீச்சர்! விடிஞ்சுதா?"

"விடிஞ்சுதுடீ! ஒரு குஞ்சு கூவிச்சு! சின்னக் குஞ்சு! விடிஞ்சுது!"

டுர்ர்ர்ர்னு லாரி. சோன்னு மழை. வெண்கலத் தொண்டை இருந்து என்ன பிரயோசனம்? பச்சையம்மா காதுல கையை வச்சுப் பார்த்தா. கேட்கலைன்னு தலையை ஆட்டினா. லாரி வளைவுல திரும்பிடுச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், வேற என்னத்தைச் சொல்ல.

அடுத்த வருஷம் லாரி வந்துது. அதுக்கு அடுத்த வருஷமும் வந்துது. டீச்சர் போய்ப் போய் நின்னாங்க. வேற வேற பிள்ளைங்கதான் இறங்குச்சு. பச்சையம்மாவைக் கேட்டா, "எந்தச் சூளையோ, யாரு கண்டா"ன்னாங்க.

டீச்சர் அந்தப் புஸ்தகத்தை எடுத்துப் பார்ப்பாங்க. கடைசிப் பக்கத்துல ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் செம்மண் அப்பின விரல் தடம். வார்த்தை வார்த்தையா ஊர்ந்து ஊர்ந்து பாதிப் பக்கம் வரைக்கும் வந்திருக்கு. "அப்போது ஒரு சின்ன"ங்கிற இடத்துல நின்னுடுச்சு. அதுக்குக் கீழே ஒரு கறை இல்லை, வெள்ளை வெளேர்னு கிடக்குது.

என்னடா, ம் கொட்டாம முழிச்சுப் பார்க்கிறே?

"அப்போ அந்த அக்காவுக்கு விடிஞ்சது தெரியவே தெரியாதா?"

தெரியாதுடா கண்ணு. யாரும் போய்ச் சொல்லலை.

கதை இம்புட்டுத்தான், இதுக்கு மேல என்கிட்ட இல்லை. போர்வையை இழுத்துக்கோ, தூங்கு.