வேலிச் சீந்தில்

சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபது வயது. குரு பரிபூரணத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் "அம்மா" என்பார். அவர் "அண்ணே" என்பார். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டுமே! காய்ச்சல் என்று வந்துவிட்டால் அந்த ஊரே கஷாயத்துக்கு அம்மாவின் மடத்து வாசலில்தான் நிற்கும்.

அன்று காலை பொன்னுரங்கம் வந்து, அழுகிய சாத்துக்குடி ஒன்றை அம்மா முன்னால் வைத்தார்.

"மரம் மரமா மருந்தடிச்சேன்மா. ஒரு புழுகூட இல்லை. பழம் மட்டும் ஒழுகி ஒழுகி விழுது. அக்கம்பக்கத்துத் தோட்டமும் போச்சு."

"விவசாய ஆபீசர் வந்து பார்த்தாரா?"

"பார்த்தார். ராத்திரி அந்துப்பூச்சி வந்து பழத்தைக் குத்தி உறிஞ்சுதாம். ஆனா முட்டை வைக்கிறதும், புழு தின்னு வளர்றதும் சீந்தில் கொடி இலையிலயாம். வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. என் வேலிச் சீந்திலை வெட்டச் சொல்றார்."

அந்தக் கொடியை வைத்தது யார் என்று அம்மாவுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொன்னுரங்கத்தின் மகள் மரகதத்துக்குக் காய்ச்சல். மடத்திலிருந்து போன சீந்தில் தண்டில் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்சம் தேறியதும், மிஞ்சிய தண்டை அவளே வேலியோரம் ஊன்றினாள். காய்ச்சல் திரும்பி வந்தது. கொடி பிழைத்தது. பெண் போய்விட்டாள்.

"எப்படிம்மா வெட்டுவேன்? அவ கை பட்டதுல மிச்சம் அது ஒண்ணுதான்."

"போங்கண்ணே. பின்னாலயே வர்றேன்."

தோட்டத்துக்குப் போன பொன்னுரங்கம் ஒரு சீந்தில் இலையைத் திருப்பிப் பார்த்தார். கண் வரைந்தது மாதிரி புள்ளியோடு ஒரு கொழுத்த புழு. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

அம்மா அரிவாளோடு வந்தார். அரிவாளில் பச்சைச் சாறு இன்னும் காயவில்லை.

"என்னம்மா இது?"

"மடத்துக் கொடியை வெட்டிட்டேன். போட்ட இடத்துல துளிர்த்துடும்னு, துண்டு துண்டா நறுக்கிக் காயப் போட்டிருக்கேன்."

"ஐயோ! அது உங்க குரு வெச்சதாச்சே!"

"ஆமாண்ணே." அம்மா அரிவாளை நீட்டினார்.

பொன்னுரங்கம் அரிவாளை வாங்கினார். வேலி நெடுக வெட்டினார். அழுதுகொண்டேதான் வெட்டினார். ஒரு துண்டு விடாமல் அம்மா பொறுக்கினார்.

"இனிமே காய்ச்சல்னு வர்றவங்களுக்கு என்ன கொடுப்பீங்க?"

"காயப் போட்டது இருக்கிற வரைக்கும் அதைக் கொடுப்பேன்."

"அதுவும் தீர்ந்துட்டா?"

"பக்கத்துல போய் உட்கார்ந்திருப்பேன். மரகதத்துக்குக் கொடியைத்தானே கொடுத்தனுப்பினேன். நான் வரலையேண்ணே."