வெள்ளச்சி அடைத்து வைத்த சுவர்க்கோழி

ஒரு காட்டில், நாவல் மரத்தடிப் பொந்தில் வெள்ளச்சி என்ற பெரிய சிலந்தி இருந்தாள். கையகல உருவம், உடம்பெல்லாம் மயிர். வலை கட்டிக் காத்திருக்கும் ரகமல்ல அவள். வாசலுக்கு வந்ததை ஒரே தாவலில் பிடிப்பாள். அதே பொந்தில் தத்தன் என்ற பொடித் தவளையும் குடியிருந்தது. உள்ளே வரும் எறும்புகளைத் தின்று தீர்ப்பது அதன் வேலை. அதனால் அவள் அதை ஒன்றும் செய்வதில்லை.

ஆடி மாதம் வெள்ளச்சிக்குப் பசி அற்றுப்போனது. தோல் உரிக்கும் காலம் வந்தால் அப்படித்தான். வாரக்கணக்கில் ஒரு வாய் இறங்காது. அந்த நேரம் பார்த்து ஒரு கொழுத்த சுவர்க்கோழிப் பூச்சி வழி தவறி உள்ளே விழுந்தது. அவளுக்குத் தின்னவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. பாழாய்ப்போன ஆசை! தோலை உரித்துவிட்டு ஆற அமரத் தின்னலாம் என்று வாசலை நூலால் அடைத்துவிட்டாள்.

தத்தனுக்கு இது பிடிக்கவில்லை. இப்போது வேண்டாமென்றால் விட்டுவிடு அக்கா, பசிக்கும்போது வேறொன்று வராமலா போகும் என்று சொல்லிப் பார்த்தது.

"உன் வேலை எறும்போடு. என் சாப்பாட்டில் தலையிடாதே" என்றாள் வெள்ளச்சி.

நாலு நாள் போனது. சுவர்க்கோழி மூலையில் காய்ந்து கிடந்தது. கடிக்க ஒரு புல் நுனிகூட அதற்கு இல்லை. வெள்ளச்சி அதை நினைத்தே பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அவள் மல்லாந்து படுத்தாள். பழைய தோல் வெடித்துக் கழன்றது. புது உடம்பு வெண்ணெய் போல இருந்தது. விஷப்பற்கள்கூட வெளுத்து, வளையும் பதத்தில் இருந்தன. காலை அசைக்கவும் தெம்பில்லை. சுவர்க்கோழி மெல்ல வந்து முகர்ந்தது. பிறகு அவளுடைய பின்னங்கால் ஒன்றைக் கடித்துத் தின்னத் தொடங்கியது.

"அடப்பாவி, என்னையா தின்கிறாய்?" என்று முனகினாள் வெள்ளச்சி.

"நாலு நாள் பட்டினி. நீ அடைத்து வைத்த இடத்தில் உன்னைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்றது சுவர்க்கோழி.

அடுத்தது வயிறுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தத்தன் சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் அதுவும் செத்திருக்கும். வாசலுக்குத் தாவி, நூலை முட்டி முட்டி ஓரத்தில் ஓர் ஓட்டை போட்டது. பச்சைப் புல்லின் வாசனை உள்ளே வந்தது. சுவர்க்கோழி கடித்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடியது.

வெள்ளச்சி பிழைத்தாள், ஏழு காலோடு. பற்கள் இறுகி அவளுக்குப் பசியெடுத்த அன்று, ஒரு கரப்பான் தானாகவே வாசலில் வந்து நின்றது.

பசியில்லாதபோது அடைத்து வைத்த இரை, நாம் அசந்த நேரத்தில் நம்மையே தின்னப் பார்க்கும்.