நாடி பார்க்கிற கை

"சாமி, எனக்கு ஏதாவது ஒரு வேலை குடுங்க. இங்கயே தங்கிடறேன்."

மங்கையர்க்கரசி இதைச் சொன்னபோது துணிப்பை இன்னும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை மடத்துக்குள் நுழைந்தாள், விழுந்து கும்பிட்டாள், எழுந்ததும் கேட்டுவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லை.

"வீட்டுல என்னம்மா?" என்றார் சாமி. அவளைவிட வயதில் சின்னவர்.

"வீட்டுல நான் எதுக்கு சாமி? மருமக நல்லா சமைக்கிறா. துணி துவைக்க மெஷின் இருக்கு. வார்டுல இருந்தப்ப மூச்சு விட நேரம் இருக்காது, சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுட்டே இருப்பாங்க. இப்ப என்னைக் கூப்பிட ஆளே இல்ல."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"என்ன சொல்வார்? 'உன் இஷ்டம்'னார். கூடவே வந்து பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்தார்."

சாமி வலது கையை நீட்டினார்.

அவளுடைய விரல்கள் தாமாகவே அவர் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தன. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"நல்லாத்தான் இருக்கு சாமி. தலை சுத்துதா?"

"இல்லம்மா."

"மூச்சு வாங்குதா?"

"இல்லையே."

"பின்ன எதுக்குக் கையைக் குடுத்தீங்க?"

சாமி சிரித்தார். வாசலில் தயங்கி நின்றவரை உள்ளே வரச் சொன்னார்.

அவள் கணவர் வேதமூர்த்தி வந்தார். மெலிந்த மனிதர், ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவள் நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். இருவரும் வாசற்படியில் பார்த்துக்கொள்வார்கள், பல வருஷம் அவ்வளவுதான்.

"அம்மாகிட்ட கையைக் குடுங்க" என்றார் சாமி.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஐயோ, வேணாம் சாமி! போன வாரம் சினிமா தியேட்டர்ல இவ கையைப் பிடிச்சேன். அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. இடைவேளைகூட விடல."

"பின்ன? பல்ஸ் தறிகெட்டு ஓடுச்சு சாமி" என்றாள் அவள். "ஈசிஜி எடுத்தோம், ரத்தம் டெஸ்ட் பண்ணோம். எல்லாம் சரியா இருக்கு. ஏன் அப்படி ஓடுச்சுன்னு டாக்டருக்கே பிடிபடல."

"உங்களுக்குத் தெரியுமாய்யா?" என்றார் சாமி.

வேதமூர்த்தி தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும் சாமி."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"கேட்டாரு. பக்கத்துலயே இவ நின்னா. வெக்கமா இருந்துச்சு."

மங்கையர்க்கரசிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் காதுவரை சூடாகிவிட்டது. பாவி மனுஷன், இதை மனசில் வைத்துக்கொண்டா வாயைத் திறக்காமல் ஊசிக்குக் கையை நீட்டினார்? அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இந்த ஆளை விட்டுவிட்டா இங்கே தங்கப் பார்த்தோம் என்று நெஞ்சு கனத்தது.

"அம்மா" என்றார் சாமி மெதுவாக. "அன்னைக்கு உங்க நாடி எப்படி இருந்துச்சு?"

"என்னோடதா?" அவள் திகைத்தாள். "அதை நான் பாக்கலையே சாமி."

கணவர் பக்கம் திரும்பித் தன் கையை நீட்டினாள்.

"நீங்க பாருங்க."

"எனக்குப் பாக்கத் தெரியாதே."

"தெரியாட்டி என்ன? பிடிச்சுக்குங்க."