மலையடிவாரத்துச் சிவப்புப் புள்ளிகள்

மாசிலாமணி போலீஸ் வேலையில் ஊறியவர். ஓய்வுபெற்று மோட்டார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சேர்ந்த பிறகும் யாரையும் லேசில் நம்பமாட்டார். டீக்கடைக்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பார். அவருக்குக் கணினியில் தரவுகளை அலசி வரைபடமாக்கக் கற்றுக்கொடுத்தவர் அங்கே அவருக்கு மேலதிகாரியான செந்தாமரை. அவரைவிட வயதில் மிகச் சிறியவர். ஆனாலும் குரு குருதான்.

ஒருநாள் மாசிலாமணி, இழப்பீடு கேட்டு வந்த விபத்துகளை எல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தார். ஒரு மலைக்கோயிலின் அடிவாரத்தில் புள்ளிகள் ஈயாக மொய்த்தன. அத்தனையும் புத்தம்புது வண்டிகள். அத்தனையையும் பட்டறைக்கு இழுத்துப் போனது வேலுச்சாமி என்பவரின் ஜீப். வகையாகச் சிக்கினான் என்று மாசிலாமணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தப் புள்ளிகளில் ஒன்று பொன்னரசியுடையது. காய்கறி ஏற்றிப் பிழைக்கலாம் என்று அவள் வாங்கிய குட்டியானை என்ற சின்னச் சரக்கு வண்டி, முன்பக்கம் நொறுங்கிப் பட்டறையில் கிடந்தது. காப்பீட்டுப் பணம் வராவிட்டால் அவள் பிழைப்பு அவ்வளவுதான். பூஜை போட்டுவிட்டு இறங்கினேன், முன்னால் எதுவும் தெரியவில்லை என்று போனில் அழுதாள். மாசிலாமணி அந்த அழுகையையும் நம்பவில்லை. மோசடி, நிராகரிக்கலாம் என்று எழுதிச் செந்தாமரையின் கையெழுத்துக்கு வைத்தார்.

"எதை வச்சு சார் சொல்றீங்க?"

"புள்ளிங்களே சொல்லுதே மேடம். தற்செயலா இடிச்சா எல்லாம் ஒரே இடத்துலயா இடிக்கும்?"

செந்தாமரை கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு முகூர்த்த நாள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். இவரும் அந்த மோசடிக் கூட்டில் ஒருவரோ என்று மாசிலாமணிக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அப்படி நினைத்ததற்கு அவர் வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் காலையிலேயே போய்விட்டார்கள். கோயில் வாசலில் வண்டிகளுக்குப் பூஜை நடந்துகொண்டிருந்தது. சற்றுக் கீழே, வளைவில், ஒரு சின்னப் பாலம். அதன் எதிரே ஜீப்பை நிறுத்திவிட்டு வேலுச்சாமி பீடி குடித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி குருவின் முகத்தைப் பார்த்தார். குரு கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் போனது. புதுக் கார் ஒன்றின் முன்கண்ணாடியில் பூசாரி சந்தனத்தை அள்ளிப் பூசினார். சொந்தக்காரர்கள் ஆளுயர மாலையைக் குறுக்கே தொங்கவிட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சாமிக்குப் போட்டதை உடனே கழற்றலாமா? யாரும் கழற்றவில்லை. ஓட்டுபவர் மாலையின் இடுக்கு வழியாகக் கழுத்தை வளைத்துப் பாதையைத் தேடினார். மாசிலாமணி அதை நன்றாகவே பார்த்தார். செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார்.

கார் வளைவில் இறங்கிப் பாலத்துச் சுவரில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டியவர் இறங்கினார். வீட்டார் இறங்குவதற்குள் வேலுச்சாமி வண்டியடியில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி விடுவதாக இல்லை.

"பாத்தீங்களா மேடம், முன்கூட்டியே வந்து காத்துக்கிட்டிருக்கான். இங்க இடிக்கும்னு அவனுக்குத் தெரியும்."

"நமக்கும்தான் சார் தெரிஞ்சுது. நாமளும் காலையிலேருந்து காத்துக்கிட்டுதான் இருந்தோம். அவராவது கயிறோட வந்திருந்தாரு."