மாசாத்தி கட்டிக்கொள்ள மறுத்தது

செம்பியராயர் ஆண்ட மருதங்குடியில், அவையிலேயே பெரிய கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய புலவன் ஒருவன் இருந்தான். இளநாகன். அது நான்தான். என் வீட்டில் மட்டும் அந்தப் பெயர் செல்லுபடியாகவில்லை.

வீட்டில் இருந்தவள் மாசாத்தி. கை கால் முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் வைத்தியச்சி. ஒன்பது வருஷமாக ஒன்றாக வாழ்கிறோம். தாலி மட்டும் இல்லை. பதினோரு முறை கேட்டுப் பார்த்தேன். "இப்போது என்ன குறை?" என்பாள். எண்ணெய் காய்ச்சப் போய்விடுவாள்.

என்னைக் கண்டால் ஆகாத அமைச்சர் பல்லவதரையர் இதை அரசர் காதில் போட்டார். ஓலை பிறந்தது. மூன்று நாளில் இருவரும் மணம் முடிக்க வேண்டும். கணவன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக அவள் அவையில் சொல்ல வேண்டும். மறுத்தால் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

நான் ஏதாவது சாமர்த்தியம் பண்ணித் தப்பிப்பேன் என்று அவையே காத்திருந்தது. நான் தப்பிக்கவே பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பதினோரு முறை கெஞ்சிக் கிடைக்காததை அரசர் ஒரே ஓலையில் வாங்கித் தருகிறாரே!

மூன்றாம் நாள் மாசாத்தி அவைக்கு வந்தாள். கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.

"இவனைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லையா?" என்றார் அரசர்.

"அரசே, முறிந்த இடத்தில்தான் கட்டுப் போடுவேன். எங்களுக்குள் எதுவும் முறியவில்லையே."

அவையில் சிரிப்பு. அரசர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டு இல்லாவிட்டால் எந்த நேரமும் ஓடிவிடலாமே என்று பல்லவதரையர் எடுத்துக் கொடுத்தார்.

"ஓடலாம்தான்," என்றாள் மாசாத்தி. "வாசல் திறந்தே இருக்கிறது. தினமும் காலையில், இன்றும் இங்கே இருக்கலாமா என்று யோசிக்கிறேன். ஒன்பது வருஷமாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது. அது என் அன்பு. நாளை முதல் ஓலைக்குப் பயந்து இருந்தால், அரசே, அது நான் உங்களுக்குக் காட்டும் பணிவு. இவருக்கு என்ன மிஞ்சும்?"

அரசர் என் பக்கம் திரும்பினார். அன்பு வேண்டுமா, ஓலை வேண்டுமா என்று கேட்டார். வாழ்நாளில் முதல்முறையாக எனக்குச் சிலேடை ஒன்றும் வரவில்லை. "அன்புதான்" என்று முனகினேன். அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் மட்டும் போகவில்லை.

அரசர் ஓலையைக் கிழித்தார். பிறகு ஆவல் தாங்காமல் அவளிடம் கேட்டார்: "இன்று காலை என்ன தோன்றியது?"

"இன்னும் முடிவாகவில்லை, அரசே. மூன்று நாளாக இவர் தூக்கத்தில்கூடச் சிரிக்கிறார்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொன்னாடையை அவளுக்குப் போர்த்தினார். வெயிலில் அதை வீடு வரை சுமந்தவன், அவையிலேயே பெரிய கெட்டிக்காரன்.