தவிட்டுக்குருவிக்கு வாய் வந்த கதை

பறவையெல்லாம் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் மட்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. பேச்சு வேலையைக் கெடுக்கும் என்பது அவற்றின் எண்ணம். தனித்தனியாகத்தான் மேயும். கண்டதைத் தெரிவிக்கப் புங்கமரத்தில் ஒரு பொதுப் பொந்து வைத்திருந்தன. கரையான் கண்ட குருவி, அந்த இடத்து இலையோடு ஒரு மண்கட்டியைப் போட்டுவிட்டுப் போகும். பாம்பைக் கண்டால் இலையோடு ஒரு முள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போட்டது யார், எப்படிப்பட்ட குருவி என்பது எதற்கும் தெரியாது.

சாம்பலி என்ற குருவி காரைப் புதரில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஒரு காலையில் பொந்தை எட்டிப் பார்த்தால், காரை இலையும் முள்ளும் கிடந்தன. அதற்குப் பயம் வரவில்லை, சந்தேகம் வந்தது.

'முந்தாநாள் ஆலிலையும் மண்ணும் கெடந்துச்சு. நம்பிப் போனேன், ஒரு கரையான் இல்ல. இன்னிக்கு என் புதர்லயே பாம்பாம்! என்னைக் கெளப்பிட்டு அங்க குடியேற எவளோ பாக்குறா.'

சந்தேகம் புகுந்த நெஞ்சுக்கு நல்லதும் சூதாகத்தான் தெரியும். கேட்டுப் பார்க்கலாம் என்றால், கேட்கிற பழக்கமே இல்லையே. முள்ளைக் கவ்விக் கீழே வீசிவிட்டு இரை தேடப் போய்விட்டது.

முள்ளைப் போட்டது வெள்ளைக்கண்ணி என்ற இளங்குருவி. சாரைப்பாம்பைக் கண்ணால் கண்டுதான் போட்டது. தன் முள் மரத்தடியில் கிடப்பதைப் பார்த்ததும் அதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'அந்தக் காரைப் புதர்க்காரி என்னைப் பொய்க்காரின்னு நெனச்சுட்டாளா? பட்டாத்தான் தெரியும்' என்று கிளையில் உட்கார்ந்துகொண்டது. பாம்பு புதருக்குள் நுழைவதையும் அங்கிருந்தே பார்த்தது. வாய் திறக்கவில்லை.

சாம்பலி திரும்பியபோது கூடு காலி. அது கதறிய கதறலில்தான் தவிட்டுக்குருவியின் குரலை அந்தக் காடு முதன்முதலாகக் கேட்டது. வெள்ளைக்கண்ணி நடுங்கிப்போய் இறங்கி வந்து, நடந்ததைச் சொன்னது.

"பாத்துக்கிட்டா இருந்த? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாடி, பாவி!"

"நான் போட்ட முள்ளத்தான் நீ தூக்கி எறிஞ்சிட்டியே!"

"ஆலமரத்துல கரையான்னு ஏமாத்துனவள நான் எப்படி நம்புறது? அதுவும் நீதானா?"

"நாந்தான். நெசமாவே இருந்துச்சுக்கா. அன்னிக்கு மழையில புத்து கரைஞ்சுபோச்சு."

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சங்கதி. சாம்பலிக்கு அதன்பின் திட்டவும் மனமில்லை. சத்தம் கேட்டு வந்த குருவிகளெல்லாம் அதை ஒட்டி உட்கார்ந்துகொண்டன. பொந்துப் பக்கம் எதுவும் போகவில்லை.

அன்று தொற்றிய பழக்கம்தான், தவிட்டுக்குருவி இன்றும் தனியே மேய்வதில்லை. விடிந்ததிலிருந்து அடைகிறவரை கூட்டமாகக் கத்திக்கொண்டே திரிகிறது. பாதி வெட்டிப் பேச்சு, மீதி சண்டை. ஆனால் பாம்பென்று ஒரு குருவி கத்திவிட்டால், கத்தியது யார், எதற்குக் கத்துகிறாள் என்று மற்றவை யோசித்து நிற்பதில்லை.